அடித்த கையும் அடிக்க மறுத்த கையும்: பிளாக் சபாத்துக்கு ஒரு ரசிகையின் விடை

“இன்னா பாப்பா இது, சாவு வூட்டு சத்தம் மாதிரி கீது?”

பிளாக் சபாத் குழுவின் பாட்டை முதன்முதலாகக் கேட்டபோது என் தாய்மாமன் சொன்னது இதுதான். 2019இல், முனைவர் பட்ட ஆய்வின் களப்பணிக்காகத் தேர்வாய் கண்டிகைக்குப் பக்கத்திலுள்ள அவர் வீட்டில் தங்கியிருந்தேன். இரவு ஷிப்டு முடித்து வந்து படுத்திருந்தவர் காதில் என் லேப்டாப்பில் ஓடிய பாட்டு விழுந்துவிட்டது. மழை பெய்கிறது. இடி இடிக்கிறது. தூரத்தில் ஒரு தேவாலய மணி ஒற்றை ஒற்றையாக ஒலிக்கிறது. அதன் மேல் மூன்றே சுரங்களில் ஒரு கிட்டார் வந்து விழுகிறது. 1970 பிப்ரவரி 13 அன்று வெளியான அவர்களின் முதல் ஆல்பத்தின் முதல் பாட்டு அது. ஹெவி மெட்டல் என்ற இசைவகையின் தொடக்கமாகப் பலரும் அதைத்தான் சொல்வார்கள்.

அந்த வரலாறு மாமாவுக்குத் தெரியாது. ஆனால் சாவு வீட்டுச் சத்தம் எதுவென்று நன்றாகத் தெரியும். அவருடைய அப்பா, அதாவது என் தாத்தா, ஊர்த்தெருவில் யார் செத்தாலும் பறையைத் தோளில் மாட்டிக்கொண்டு போயே ஆகவேண்டும் என்று வைக்கப்பட்டிருந்தவர்.

அந்தக் குழு 2025 ஜூலை 5 அன்று இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரில், வில்லா பார்க் கால்பந்து மைதானத்தில் கடைசியாக மேடையேறியது. ஓஸி ஓஸ்போர்ன், டோனி அயோமி, கீஸர் பட்லர், பில் வார்ட் என 1968இல் ஒன்றுசேர்ந்த அதே நால்வர். நால்வரும் சேர்ந்து வாசித்து 20 ஆண்டுகள் ஆகியிருந்தன. பார்க்கின்சன் நோயால் நின்று பாட முடியாத ஓஸி, பெரிய கறுப்பு நாற்காலியில் உட்கார்ந்து பாடினார். நான்கே பாட்டுகள். 17 நாள் கழித்து, ஜூலை 22 அன்று, 76 வயதில் அவர் இறந்துபோனார்.

அப்போதே எழுதியிருக்க வேண்டும். உட்கார்ந்தபோதெல்லாம் ஒரு கேள்வி குறுக்கே வந்தது. சாதியொழிப்பு அரசியல் பேசுகிற ஒருத்தி, தான் 15 ஆண்டுகள் நேசித்த ஓர் இசைக்குழுவுக்கு எப்படி விடை கொடுப்பது? கண்ணீரோடு கும்பிடு போட்டு முடித்துக்கொள்ளலாமா, கணக்கையும் சேர்த்துப் பார்க்க வேண்டுமா?

முதலில் கடனைச் சொல்லிவிடுகிறேன்.

நான் இந்த இசைக்கு வந்தது விடுதி அறையில் கைமாறிய ஒரு பென் டிரைவ் வழியாக. ஆங்கிலப் பாட்டு என்றாலே காதல் பாட்டு என்று நினைத்திருந்த வயது. இந்தப் பாட்டுகளில் காதல் இல்லை. போர் இருந்தது, பயம் இருந்தது, பைத்தியம் பிடிக்கிற அளவுக்கு இரும்புச் சத்தம் இருந்தது. சொற்கள் பாதி புரியவில்லை. சத்தம் முழுதாகப் புரிந்தது. கும்மிடிப்பூண்டி ரயிலில் போய்வந்து வளர்ந்தவளுக்கு, உருக்காலைப் பக்கம் போனாலே காதை அடைக்கும் அந்த அதிர்வு புதிதா என்ன? யாரோ எங்கள் பகுதியின் சத்தத்தைப் பாட்டாக்கி வைத்திருக்கிறார்கள் என்றுதான் தோன்றியது.

அந்தத் தோற்றத்துக்குக் காரணம் உண்டு என்பது பின்னால்தான் தெரிந்தது. அவர்கள் வளர்ந்த ஆஸ்டன், பர்மிங்காமின் தொழிலாளர் குடியிருப்புப் பகுதி. இரண்டாம் உலகப் போரில் குண்டுவீச்சுக்கு ஆளாகி, 1950களிலும் இடிபாடுகளோடு கிடந்த தெருக்கள். பள்ளி முடித்தால் அடுத்தது ஆலை. ஓஸி கார் ஹார்ன் தயாரிக்கிற ஆலையிலும் மாடுகள் வெட்டும் இறைச்சிக்கூடத்திலும் வேலை பார்த்தார். திருட்டு வழக்கில் சிறைக்கும் போய்வந்தார். அயோமி தகர ஆலையில் வெல்டர்.

1965இல் அயோமிக்கு 17 வயது. ஒரு குழுவோடு வெளிநாட்டுக் கச்சேரிக்குப் போக வாய்ப்பு வந்ததால் ஆலை வேலையை விடுகிறார். அன்று கடைசி நாள். மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்தவர், திரும்பிப் போகப் போவதில்லை என்கிறார். வேலையை ஒழுங்காக முடித்துவிட்டு வா என்று அம்மா அனுப்பிவைக்கிறார். அன்றைக்குப் பார்த்து அவருக்கு முந்தைய கட்டத்தில் தகடு வளைக்கும் ஆள் வரவில்லை. நீ போய் அந்த மெஷினில் நில் என்கிறார்கள். பழகாத மெஷின். வலது கையின் நடுவிரல், மோதிர விரல் இரண்டின் நுனியும் போய்விட்டன. அவர் இடக்கைப் பழக்கக்காரர் என்பதால் கிட்டார் தந்திகளை அழுத்துவது அந்த வலது கைதான்.

இதை நான் மாமாவுக்குச் சொன்னேன். சொல்லும்போது அவர் கையைப் பார்க்காமல் இருக்க முயன்றேன். கும்மிடிப்பூண்டியில் ஒரு சிறு பட்டறையில், பவர் பிரஸ்ஸில், அவருக்கும் வலது கையில் இரண்டு விரல் நுனிகள் போயின. அன்றைக்கும் ஆபரேட்டர் வரவில்லை. “நீ போய் நில்லுடா, அரை மணி நேரம்தான்” என்றாராம் காண்டிராக்டர்.

மாமா முழுவதையும் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார். “அவனுக்கு நஷ்ட ஈடு குடுத்தானுங்களா?”

அயோமியைப் பற்றி எத்தனையோ கட்டுரைகள் படித்திருக்கிறேன். இந்தக் கேள்வியைக் கேட்ட ஒரு கட்டுரையும் என் நினைவில் இல்லை. விபத்து, விடாமுயற்சி, வெற்றி என்று கதை நேராக மேலே ஏறிவிடுகிறது. ஆலை அங்கேயே நின்றுவிடுகிறது. எங்கள் பகுதியில் கதை ஆலையைவிட்டு நகராது. விரல் போன அன்றுதான் ஈஎஸ்ஐ பதிவு இருக்கிறதா இல்லையா என்பதே பலருக்குத் தெரியவரும். மாமாவுக்கு அது இல்லை. மருத்துவமனைச் செலவும் கையில் கொஞ்சம் பணமும் கொடுத்து, வெற்றுத்தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள்.

அயோமி அந்தக் கையோடு வீட்டில் முடங்கிக் கிடந்தபோது, ஆலையின் மேற்பார்வையாளர் ஒரு இசைத்தட்டைக் கொண்டுவந்து கொடுத்தார். வாசித்தவர் ஜாங்கோ ரைன்ஹார்ட். ஐரோப்பா முழுக்கத் துரத்தப்பட்ட ரோமா சமூகத்தில் பிறந்தவர். தீ விபத்தில் இடக்கையின் இரண்டு விரல்கள் செயலிழந்த பிறகும் கிட்டாரில் உச்சம் தொட்டவர். அதைக் கேட்டபின் அயோமி ஒரு பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி விரல்களுக்குத் தொப்பி செய்தார். வழுக்காமல் இருக்கப் பழைய தோல் ஜாக்கெட்டிலிருந்து துண்டு வெட்டி ஒட்டினார். தந்தியை அழுத்தினால் வலி என்பதால் மெல்லிய தந்திகளை மாட்டினார். பின்னர், 1971இல் வந்த மூன்றாம் ஆல்பத்தில், தந்திகளின் இறுக்கத்தையும் வெகுவாகக் குறைத்தார்கள். சுருதி கீழே இறங்கியது. சத்தம் இருண்டது, கனத்தது. உலகம் முழுக்க ஹெவி மெட்டல் குழுக்கள் பின்பற்றிய அந்தக் கனத்தில் வெட்டுப்பட்ட ஒரு தொழிலாளியின் கைக்குப் பெரிய பங்கு உண்டு.

இந்தக் கதையில் என்னை நிறுத்துகிற இடம் அந்தத் தோல் துண்டு. அயோமிக்கு அது கைக்குக் கிடைத்த ஒரு பொருள், அவ்வளவுதான். என் தாத்தாவுக்குத் தோல் என்பது பிறப்பு. அவர் தொட்ட தோல் அவரைத் தீண்டத்தகாதவராக்கியது. பறையில் கட்டிய தோலின் ஓசை சாவுக்கு மட்டும் என்று ஒதுக்கப்பட்டது. ஓஸியின் இறைச்சிக்கூட வேலையும் அப்படித்தான். வாழ்க்கைக் கதை சொல்லும்போது அது சிரிக்கவைக்கிற ஒரு அத்தியாயம். இங்கே அந்த வேலை பார்த்தவரின் பேரப்பிள்ளைக்கும் வாடகை வீடு கிடைக்காது. சாதி வேலையைப் பிரிப்பதோடு நிற்பதில்லை, வேலை செய்கிறவர்களையே ஏணிப்படி வைத்துப் பிரிக்கிறது என்று அம்பேத்கர் 1936இலேயே எழுதியதை, இந்தத் தோல் துண்டை வைத்து எந்த மாணவருக்கும் விளக்கிவிடலாம்.

அந்த முதல் பாட்டின் சுர இடைவெளியை ஐரோப்பிய இசை மரபு சாத்தானோடு சேர்த்துப் பேசிவந்தது. நம்மூர்க் கணக்கில் அது ஷட்ஜமத்துக்கும் பிரதி மத்யமத்துக்கும் இடையிலுள்ள தூரம். கல்யாணி ராகத்தில் அது இருக்கிறது. 72 மேளகர்த்தாக்களில் சரிபாதியில் இருக்கிறது. சபாவில் உட்கார்ந்து கேட்டால் தெய்வீகம், பர்மிங்காமில் கேட்டால் சாத்தான், சேரியிலிருந்து வந்தால் இரைச்சல். ஒலிக்குக் குணம் கற்பிப்பது யார் என்பது இசையிலக்கணத்துக்குள் மட்டும் தீர்கிற விஷயமில்லை.

ஆகவே என் கடன் பெரியது. தொழிலாளியின் கை, ஆலையின் சத்தம், சாவின் மணி ஆகிய மூன்றையும் வெட்கப்படாமல் நடுமேடையில் வைக்கலாம் என்று எனக்கு முதலில் காட்டியது இந்தக் குழுதான். பறைச்சத்தம் கேட்டால் பள்ளித் தோழிகள் முன்னால் தலையைக் குனிந்துகொண்ட பெண், இவர்களைக் கேட்ட பிறகுதான் தாத்தாவின் பறையைப் பற்றி அம்மாவிடம் விசாரிக்கத் தொடங்கினாள்.

இனி கணக்கு.

பர்மிங்காமின் வெள்ளைத் தொழிலாளியை நம் சேரித் தொழிலாளியோடு அப்படியே வைத்துப் பார்த்துவிட முடியாது. அயோமியின் விரல் போன அதே 1965இல், பர்மிங்காமை ஒட்டிய ஸ்மெதிக் நகருக்கு மால்கம் எக்ஸ் வந்தார். இந்தியத் தொழிலாளர் சங்கம் அழைத்துவந்தது. வெள்ளையர் அல்லாதவர்களுக்கு வீடு தர மறுத்த தெருவில் அவர் நடந்தார். குழு உருவான 1968இல்தான், இனி இரத்த ஆறு ஓடும் என்கிற தொனியில் குடியேறிகளுக்கு எதிராக ஈனாக் பவல் பேசினார், அதுவும் பர்மிங்காமில்தான். அந்த வட்டாரத்து ஃபவுண்டரிகளில் பஞ்சாபிலிருந்து போன தலித் தொழிலாளர்களும் இருந்தார்கள். அவர்களுக்கு ஆலைக்குள் நிறம், குடியிருப்புக்குள் சாதி என இரண்டு சுமை. இந்தக் குழுவின் வேரும் அமெரிக்கக் கறுப்பின மக்களின் புளூஸ் இசைதான். தொடக்கத்தில் அவர்கள் தங்கள் பெயரிலேயே புளூஸைச் சேர்த்து வைத்திருந்தார்கள்.

அப்படிக் கறுப்பின மக்களின் இசையால் வாழ்ந்த குழு, 1987இல் தென்னாப்பிரிக்காவின் சன் சிட்டியில் வாசித்தது.

இளைய வாசகர்களுக்கு ஒரு விளக்கம். சன் சிட்டி ஓர் உல்லாச விடுதி நகரம். அது இருந்த இடம் போபுதட்சுவானா. நிறவெறி அரசு கறுப்பின மக்களைக் குடியுரிமையிலிருந்து துடைத்தெறிய, ‘இதுதான் உங்கள் நாடு’ என்று கோடு கிழித்துத் தந்த பகுதிகளில் ஒன்று. ஊருக்கு வெளியே சேரியை வைத்துவிட்டு, அது உங்கள் ஊர் என்று சொல்வது மாதிரி. உலக நாடுகள் அதை அங்கீகரிக்கவில்லை. அங்கே போய்ப் பாடுவது நிறவெறிக்கு நற்சான்று தருவது என்பதால், 1985இல் பல கலைஞர்கள் சேர்ந்து, சன் சிட்டியில் பாடமாட்டோம் என்று அறிவித்தார்கள். ஐக்கிய நாடுகள் சபையின் பண்பாட்டுப் புறக்கணிப்பும் நடப்பில் இருந்தது. பிரெட்டி மெர்குரியின் குவீன் குழு 1984இல் அங்கே வாசித்துக் கடும் கண்டனம் வாங்கியிருந்தது. தெரியாமல் போனோம் என்று 1987இல் யாரும் சொல்ல முடியாது.

அப்போது ஓஸி குழுவில் இல்லை. பட்லரும் வார்டும் இல்லை. தொடக்க கால நால்வரில் மிச்சமிருந்தவர் அயோமி ஒருவர்தான். ஆகவே ‘அது வேறு சபாத்’ என்று நான் தப்பித்துக்கொள்ள வழியில்லை. ஆலையில் வெட்டுப்பட்ட, நான் நேசிக்கிற அதே கைதான் அங்கேயும் வாசித்தது. ஒடுக்கப்பட்ட ஒருவரின் காயம் அவரை இன்னொரு ஒடுக்குமுறைக்கு எதிரானவராகத் தானாகவே ஆக்கிவிடாது. ஆலை வாசலில் ஒரே சங்கக் கொடியின் கீழ் நின்றுவிட்டு, ஊருக்குப் போனதும் தனிக் குவளை வைக்கிறவர்களைப் பார்த்த நமக்கு இதை யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை.

ஆனால் அதே குழுவில் ஒருவர் மறுத்தார். டிரம்ஸ் வாசித்த பெவ் பெவன். அவரும் பர்மிங்காம்காரர். சன் சிட்டிக்கு வரமாட்டேன் என்றார். குழு வேறொரு டிரம்மரை வைத்துக்கொண்டு போய்விட்டது.

இந்த ஒரு வரிச் செய்தியைப் படித்தபோது எனக்குத் தாத்தா நினைவுக்கு வந்தார். மேளம் அடிக்கிற ஒருவர் ‘அடிக்க மாட்டேன்’ என்று சொன்ன கதை எங்கள் வீட்டிலும் உண்டு. அம்பேத்கர் நூற்றாண்டை ஒட்டி எங்கள் தெருவில் சிலை வைப்பது பற்றிப் பேச்சு வந்த காலம். ஊர்த்தெருவில் ஒரு பெரியவர் இறந்துபோனார். ஆள் வந்து கூப்பிட்டார். தாத்தா போகவில்லை. தெருவே போகவில்லை. அதற்கப்புறம் வயல்வேலை நின்றது, கடையில் கடன் நின்றது. தாத்தா பறையைப் பரணில் போட்டார். மாமா அதை எடுத்துப் பழகவே இல்லை. சில ஆண்டுகள் கழித்துப் பட்டறை வேலைக்குப் போனார்.

தமிழ்நாட்டில் இது ஒரு வீட்டின் கதை இல்லை. தென்னார்க்காட்டில் எல். இளையபெருமாள் காலத்திலிருந்தே பறையடிக்க மறுப்பது ஒரு போராட்ட வடிவம். மறுத்ததற்காக அடிபட்டவர்கள், ஊர்விலக்கம் செய்யப்பட்டவர்கள் ஏராளம். அந்த மறுப்பு நடந்ததால்தான் பிறகு அதே பறையைச் சுயமரியாதையோடு கையில் எடுக்க முடிந்தது. 1990களின் தலித் கலைவிழாக்கள் முதல் திண்டுக்கல் சக்தி கலைக்குழுவின் பெண்கள், புத்தர் கலைக்குழு வரை நடந்த மீட்பெல்லாம் அந்த ‘மாட்டோம்’ என்ற சொல்லுக்குப் பின்னால் வந்தவை. கட்டாயத்தின் பேரில் அடிப்பது வேறு, விரும்பி அடிப்பது வேறு. இரண்டுக்கும் நடுவில் ஒரு மறுப்பு இருந்தே ஆக வேண்டும்.

கலையின் சுதந்திரம் என்று நாம் பேசும்போது வாசிக்கிற உரிமையை மட்டுமே பேசுகிறோம். சாதி நம்மிடமிருந்து பறித்தவை இரண்டு. சபா மேடையில் ஏறும் உரிமையைப் பறித்தது. சாவு வீட்டுக்குப் போகாமல் இருக்கும் உரிமையையும் பறித்தது. ஏறத் துடித்த மேடை மறுக்கப்பட்டது. மறுக்கத் துடித்த இடத்துக்குக் கையைப் பிடித்து இழுத்துச் செல்லப்பட்டோம். ஒரு கலைஞரையோ குழுவையோ எடைபோட என்னிடம் இப்போது இருக்கிற தராசு இதுதான். எங்கே வாசித்தார்கள் என்று பார்ப்பேன். எங்கே வாசிக்க மறுத்தார்கள் என்றும் பார்ப்பேன்.

2018 ஜனவரி 6, மார்கழி மாதம். சென்னை கீழ்ப்பாக்கத்தில் ‘தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ முதன்முதலாக மேடையேறியது. நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் தென்மாவும் சேர்ந்து உருவாக்கிய குழு. பெயர், அயோத்திதாசப் பண்டிதரின் சாதியற்ற தமிழர் என்ற கருத்தாக்கத்திலிருந்து வந்தது. கிட்டார், டிரம்ஸ், பறை, கானா, ராப் எல்லாம் ஒரே மேடையில். பர்மிங்காம் வழியாகச் சுற்றிவந்த எனக்கு வீடு திரும்பிய மாதிரி இருந்தது. பிளாக் சபாத்திடம் நான் தேடிய சத்தம் என் மொழியில், என் மக்களின் குரலில் கேட்டது.

ஆனால் அந்த மேடைக்குக் கிடைத்த எதிர்வினையையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். சபரிமலைக்குள் எல்லா வயதுப் பெண்களும் போகலாம் என்று 2018 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த சூழலில், அந்தக் குழுவுக்காக இசைவாணி ஒரு பாட்டுப் பாடினார். ஆறு ஆண்டுகள் கழித்து, 2024 நவம்பரில், அதைத் தோண்டியெடுத்து அவர்மீது புகார்களும் மிரட்டல்களும் குவிந்தன. ஓஸி 1982இல் மேடையில் ஒரு வௌவாலின் தலையைக் கடித்தவர். பெயரிலேயே ‘இருளின் இளவரசர்’ என்ற பட்டத்தைச் சுமந்தவர். அவருடைய இறுதி ஊர்வலம் 2025 ஜூலை 30 அன்று பர்மிங்காமின் நடுத்தெருவில் போனது. பித்தளை வாத்தியக் குழு முன்னால் வாசித்துப் போக, ஆயிரக்கணக்கானோர் இருபுறமும் நின்றார்கள். குழுவின் பெயரையே தாங்கிய பாலத்தில் ஊர்வலம் நின்றது, குடும்பத்தார் இறங்கி மலர் வைத்தார்கள்.

பாலம் என்றதும் எனக்கு இன்னொரு பாலம் நினைவுக்கு வந்தது. 2019 ஆகஸ்டில் வாணியம்பாடி அருகே நாராயணபுரத்தில், சுடுகாட்டுக்குப் போகும் பாதை மறுக்கப்பட்டதால், தலித் ஒருவரின் உடலைக் கயிறு கட்டிப் பாலத்தின் மேலிருந்து கீழே இறக்கினார்கள். ஓஸிக்குக் கிடைத்த விடை எனக்குப் பொறாமையைத் தரவில்லை. ஒரு தொழிலாளி வீட்டுப் பிள்ளைக்கு அவன் பிறந்த ஊர் அப்படித்தான் விடை கொடுக்க வேண்டும். அது எல்லாருக்கும் கிடைக்கிற ஊரைத்தான் கேட்கிறோம்.

தேர்வாய் கண்டிகைக்கும் ஒரு மறுப்பின் வரலாறு உண்டு. பெரும்பான்மை தலித் மக்கள் வாழும் ஊர். ஆடு மாடு மேய, விறகு பொறுக்க, ஏரிக்கு நீர் வர இருந்த காடும் மேய்க்கால் நிலமும் சுமார் 1,127 ஏக்கர், சிப்காட் தொழிற்பூங்காவுக்காக எடுக்கப்பட்டது. மக்கள் மறுத்தார்கள், போராடினார்கள், நீதிமன்றம் போனார்கள். 2009இல் பிரான்ஸின் மிஷலின் டயர் நிறுவனம் அங்கே ஆலை அமைக்கத் தமிழ்நாடு அரசோடு ஒப்பந்தம் போட்டது. 2012இல் ஊர்ச் சங்கத்தினர், பிரெஞ்சுத் தொழிற்சங்கத்தையும் அங்குள்ள தொண்டு அமைப்புகளையும் சேர்த்துக்கொண்டு, பாரிஸ் வரை புகார் கொண்டுபோனார்கள். ஆலை வந்தது. கண்ணன்கோட்டை ஏரியையும் தேர்வாய் கண்டிகை ஏரியையும் இணைத்து, சென்னைக்குக் குடிநீர் தர ஒரு நீர்த்தேக்கமும் 2020 நவம்பரில் திறக்கப்பட்டது. நிலமும் நீரும் ஊரைக் கடந்து போய்விட்டன. கவரைப்பேட்டை–சத்தியவேடு சாலையில் ஷிப்டு பேருந்துகள் ஓடுகின்றன.

இந்த ஆலைகளின் சத்தத்தில் வளர்கிற பிள்ளைகள் இன்று இங்கே இருக்கிறார்கள். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து வரிசை அறைகளில் தங்கியிருக்கிற இளைஞர்களும் இருக்கிறார்கள். இரவில் அவர்கள் கைப்பேசியில் எதையெதையோ கேட்கிறார்கள். இவர்களில் யாரோ ஒருவர் நாளை இந்தச் சத்தத்தை இசையாக்கலாம். அதற்கு விடாமுயற்சி மட்டும் போதாது. எட்டு மணி நேரத்துக்கு மேல் நீளாத வேலை வேண்டும். விரலைக் காக்கிற தடுப்பு மெஷினில் இருக்க வேண்டும். விரல் போனால் பெயரைச் சொல்லி இழப்பீடு தர ஒரு பதிவேடு வேண்டும். வாசித்துப் பழக, யாருடைய தெரு என்று கேட்காத ஒரு கூடம் வேண்டும். அயோமியின் கதையை மேடைப் பேச்சாளர்கள் தன்னம்பிக்கைக் கதையாகச் சொல்லும்போது இந்தப் பட்டியலை நாம் பக்கத்தில் வைக்க வேண்டும். உலகில் எத்தனை ஆலைகளில் எத்தனை விரல்கள் போயின! அவற்றில் ஒன்றிரண்டுதான் கிட்டாருக்குத் திரும்பின.

ரசிகராக இருப்பது பற்றியும் ஒரு சொல். கட்அவுட்டுக்குப் பால் ஊற்றும் ஊரில் நாம் வளர்ந்தோம். அரசியலில் பக்தி சர்வாதிகாரத்துக்கு இட்டுச்செல்லும் என்று 1949 நவம்பரில் அரசியல் நிர்ணய சபையில் அம்பேத்கர் எச்சரித்தார். இசையில் பக்தி அவ்வளவு தூரம் போகாது. ஆனாலும் அது நம் காதை மந்தமாக்கும். நம் கலைஞர்களிடமும் நாம் பக்தர்களாக நிற்க வேண்டாம். காஸ்ட்லெஸ் கலெக்டிவில் பாடியவர்கள் தனித்தனிப் பாதைகளில் போனபோது, ஏன் பிரிந்தார்கள், யார் யாரை விட்டுக்கொடுத்தார்கள் என்று வீட்டுச் சண்டை மாதிரி பேசித் தீர்த்தோம். 19, 20 வயதில் அவர்கள் பாட்டைக் கேட்டு வளர்ந்தவர்கள் அவர்களுக்குச் செய்ய வேண்டியது வேறு. நன்றி சொல்லலாம், விமர்சிக்கலாம், அவர்கள்மீது மிரட்டல் வரும்போது பக்கத்தில் நிற்கலாம்.

ஆகவே பிளாக் சபாத்துக்கு என் விடை இது. நன்றி. என் தாத்தாவின் பறையை எனக்குக் கேட்கவைத்தது நீங்கள். 1987ஐ நான் மறக்கவில்லை, மன்னிக்கிற இடத்திலும் நான் இல்லை. மன்னிப்பது அந்த மண்ணின் மக்களுக்குரியது. இரண்டையும் ஒன்றாக வைத்துக்கொண்டே உங்கள் பாட்டை இனியும் கேட்பேன்.

கடைசிக் கச்சேரியின் துண்டுக் காணொளிகளை மாமாவுக்கும் காட்டினேன். நாற்காலியில் உட்கார்ந்து பாடும் ஓஸியைப் பார்த்து, “பாவம், முடியல போல, ஆனா உடலயே” என்றார். பில் வார்டைக் காட்டினேன். 2012இல் குழு மீண்டும் சேர்ந்தபோது, ஒப்பந்தம் நியாயமாக இல்லை என்று கையெழுத்துப் போட மறுத்து ஒதுங்கியவர், அதனால் 2017இல் நடந்த முந்தைய பிரியாவிடையிலும் இல்லாமல் போனவர், இப்போது வந்து வாசிக்கிறார் என்றேன். காண்டிராக்டர் தாளில் கையெழுத்துப் போட்ட கையால் மாமா கைப்பேசியை வாங்கி, அந்த இடத்தை மறுபடியும் ஓட்டிப் பார்த்தார்.

“அந்த இன்னொரு மோளக்காரர் சொன்னியே, வரமாட்டேன்னாரே. அவரயும் கூப்ட்டாங்களா?”

மேடையேறியவர்கள் பட்டியலில் பெவ் பெவன் பெயர் இல்லை என்றேன்.

மாமா கைப்பேசியைத் திருப்பிக் கொடுத்தார். “மாட்டேன்னு சொன்னவன எவன் கூப்புடுவான்” என்றார். பிறகு ஷிப்டுக்குச் சட்டை மாட்டப் போனார். பரணில் தாத்தாவின் பறை இருந்த இடத்தில் இப்போது சிமெண்ட் மூட்டைப் பையில் கட்டிய பழைய துணிகள் இருக்கின்றன.